தோட்டக்காரன் எங்கே போனான்

முத்தம் வந்தால் ஒரு பக்கம் தாண்டுவார். கல்யாணம் வந்தால் இரண்டு பக்கம். “அது எப்பிடியும் நடக்கும் தம்பி. நடக்காமல் கிடக்கிறதுகளைப் பாப்பம்” என்று சொல்லி, மூலை மடித்து வைத்த பக்கத்திலிருந்து தொடங்குவார். காதல் கதைகளை இப்படி வாசித்த இன்னொருவரை நான் சந்தித்ததில்லை.

ஜேர்மனியின் ஹம் நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், ஆறு குடும்பங்கள் இருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவர் தனியாக இருந்தார். நான் மனைவி பிள்ளைகளோடு முதலாம் மாடியில். எனக்கு அப்போது கம்பி செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவருக்கு, ரயிலில் இருபது நிமிடம் தள்ளி, ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிட்டேன். கட்டடத்திலிருந்த மற்றத் தமிழரும் அப்படித்தான். பெயர் எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். தன்னைப் பற்றி இன்னொருவர் தன் விருப்பத்துக்கு எதையாவது எழுதுவது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன்.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். ஊரில் எழுதிய கொப்பிகள் இடப்பெயர்வில் அழிந்துவிட்டன. ஜேர்மனிக்கு வந்த பிறகு எழுதியவை எல்லாம் இருக்கின்றன. எது நடந்தாலும் கிழமை, திகதி, நேரம் போட்டு எழுதிவிடுவேன். வாசித்த புத்தகங்களையும் அப்படியே. பழைய கப்பல்கள், கல்வெட்டுகள், மூடப்பட்ட பள்ளிக்கூடங்கள் பற்றித் தமிழ்நாட்டுச் சிற்றிதழ்களுக்குக் குறிப்புகள் அனுப்புவேன். அந்தப் பழக்கத்தால் திருச்சியிலும் மதுரையிலும் எனக்குக் கடிதத் தொடர்புகள் இருந்தன. அக்காவைப் பற்றி என் கொப்பிகளில் முதலாவது பதிவு 2001 நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை: “மூன்றாம் மாடி அக்கா வாழைப்பழப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறினார். உள்ளே காதல் கதைகள். என்னவென்று கேட்டேன். வெட்கப்படவில்லை.”

அந்த வரிசைக்கு உண்மைப் பெயர் வேறு. நாங்கள் அதை ஏரிவீடு என்றோம். வாரத்துக்கு ஒன்று, அறுபத்துநான்கு பக்கம், மட்டமான தாள், அட்டையில் காற்றில் தலைமயிர் பறக்க ஒரு சோடி. வடக்கே ஒரு ஏரி. ஏரிக்கு நடுவில் தீவு. தீவில் ஒரு விதவை நடத்தும் விடுதி. ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருத்தி மனம் உடைந்து வந்து இறங்குவாள். யாரோ ஒருவன் ஏற்கெனவே அங்கே தங்கியிருப்பான். நாற்பதாம் பக்கத்தில் சண்டை, அறுபதாம் பக்கத்தில் சமாதானம். அடுத்த வாரம் வேறு சோடி. ஆனால் விடுதி ஆட்கள் மாறமாட்டார்கள்: விதவை, சமையற்காரி, வைத்தியர், தோட்டக்காரன், அவனுடைய நாய். அந்த ஐந்து பேருக்காகத்தான் அக்கா வாசித்தார். நாயையும் அவர் ஆளாகவே எண்ணினார்.

ஒரே புனைபெயருக்குள் பல பேர் இருந்து எழுதியிருக்கிறார்கள் என்பது அவற்றைத் தொடர்ந்து வாசித்தால் தெரிந்துவிடும். ஒருவர் தொடங்கியதை மற்றவர் மறந்துவிடுவார். வைத்தியரின் இறந்துபோன மனைவிக்கு மூன்று இதழ்களில் மூன்று பெயர். ஐம்பத்தெட்டாம் இதழில் பூட்டிக் கிடக்கும் மேல்மாடி அறையின் திறப்பு கிணற்றுக்குள்ளிருந்து கிடைக்கிறது. கடைசி இதழ் வரை அந்த அறையை ஒருவரும் திறக்கவில்லை. விதவைக்கு ஒவ்வொரு வருடமும் கையெழுத்தில்லாத ஒரு கடிதம் வரும். வாசித்துவிட்டு அடுப்பில் போடுவாள். யார் அனுப்பியது? அக்கா ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் இவற்றை எழுதி வைத்திருந்தார். இடப்பக்கத்தில் கேள்வியும் இதழ் எண்ணும். வலப்பக்கம் பதிலுக்கு. வலப்பக்கங்கள் அநேகமாக வெறுமையாகவே இருந்தன. ஊகங்களை அவர் எழுதுவதில்லை. நான் ஒருமுறை, அந்தக் கடிதங்களை வைத்தியர்தான் எழுதியிருப்பார் என்றேன்.

“எங்கை சொல்லியிருக்கு?”

“சொல்லேல்லை அக்கா. யோசிச்சால் அப்பிடித்தான் வருகுது.”

“யோசிச்சால் எல்லாம் வரும்” என்றார். பென்சிலைக்கூட எடுக்கவில்லை.

கொப்பியின் முதற்பக்கக் கேள்வி தோட்டக்காரனைப் பற்றியது. தொண்ணூற்றேழாம் இதழில், ஒரு காலை, அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் படகுத்துறைப் பக்கம் நடக்கிறான். சமையற்காரி அவனுக்கும் சேர்த்துச் சாப்பாட்டுக் கோப்பை வைக்கிறாள். பிறகு அந்த வாரத்துச் சோடியின் சண்டை தொடங்கிவிடுகிறது. அவன் திரும்பி வந்தானா என்று எழுதியவர் சொல்லவில்லை. அடுத்த வாரமும் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

“அவன் இல்லை. ஆனால் தொண்ணூற்றெட்டிலை ரோசா பூத்திருக்கு. ஆர் தம்பி தண்ணி விட்டது?”

“எழுதினவர் மறந்திருப்பார்.”

“மறந்தால் நாயை ஏன் கொண்டுவந்து துறையிலை படுக்க விட்டவை? நூற்றிருபதிலை பாருங்கோ. நாய் துறையிலை கிடக்குது. ஆரோ ஒருத்தருக்கு ஞாபகம் இருந்திருக்கு.”

அந்தக் கதைகளை அவருக்குக் கொடுத்தது அவர் பராமரித்த ஒரு ஜேர்மன் அம்மா. கண் மங்கிப்போனவர். மத்தியான இடைவேளையில் அக்கா அவருக்கு வாசித்துக் காட்டுவார். ஏழு வகுப்பு மொழிப் பாடத்தில் வராத ஜேர்மன் அந்தக் கட்டிலோரம் அக்காவுக்கு வந்தது. ஆனால் அது ஏரிவீட்டு ஜேர்மன். சீமாட்டிகளும் கோட்டை வாரிசுகளும் பேசுவது. ரயில் நிலையப் பத்திரிகைக் கடையான கியோஸ்க்கில் போய், “மதிப்பார்ந்த ஐயா, இவ்வாரத்து ஏடு வந்தடையும் பேறு வாய்த்ததா?” என்ற மாதிரிக் கேட்பார். கியோஸ்க்காரர் பருத்த மனிதர். கல்லாவுக்குப் பின்னால் எழும்பி நின்று குனிந்து, “வந்தடைந்தது, சீமாட்டியே. கூடவே ஒரு சிகரெட் பெட்டியும் வேண்டுமா?” என்பார். அக்காவுக்குச் சிரிப்பு வராது. கியோஸ்க்காரர் பகிடிக்குச் சொல்கிறார் என்பதும் தெரியும். “அந்த ஆளுக்கு நல்ல பழக்கம்” என்று மட்டும் சொல்வார்.

2002 இல் அந்த ஜேர்மன் அம்மாவுக்கு முடிவு நெருங்கியது. கடைசிக் கிழமையில் நினைவு வந்து வந்து போயிருக்கிறது. நினைவு வந்தபோதெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான்: தோட்டக்காரன் வந்துவிட்டானா? மற்றப் பராமரிப்பாளர்கள் ஓம், வந்துவிட்டான், தோட்டத்தில் நிற்கிறான் என்று சொல்லி நெற்றியைத் தடவிவிட்டார்கள். அக்காவின் முறை வந்தபோது, “இன்னும் இல்லை” என்றார். அந்த அம்மா அழுதிருக்கிறார். மேற்பார்வையாளர் அக்காவைக் கூப்பிட்டு ஏசினாராம்.

இதை அவர் எனக்குச் சொன்னபோது எனக்கும் கோபம்தான் வந்தது. “ஓமெண்டு சொல்லியிருந்தால் என்னக்கா? சாகப் போற மனுசி.”

“சொல்லியிருந்தால் நம்பியிருப்பா” என்றார்.

“நம்பினால் நல்லதுதானே?”

“அவ என்னை நம்பித்தான் கேட்டவ, தம்பி. மற்றவையள் ஓமெண்டு சொன்ன பிறகும் என்னட்டைத் திரும்பக் கேட்டவ. ஏனெண்டு யோசிச்சனீங்களோ?”

‘கல் மனம்’ என்று அன்றைய பதிவில் எழுதியிருக்கிறேன். இப்போது அந்தச் சொல்லைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் பதிவை அழிக்கும் வழக்கம் எனக்கு இல்லை.

கட்டடத்தின் நிலவறையில் எல்லோருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் இடம் இருந்தது. அக்காவின் முறை சனிக்கிழமை காலை, அதற்குப் பிறகு என்னுடையது. இயந்திரம் சுற்றி முடியும் வரை கதைத்துக்கொண்டு நிற்போம். அங்கேதான், ஒரே ஒருமுறை, தன் கணவரைப் பற்றிச் சொன்னார். 1996 இல் வன்னியில் ஒரு கொட்டிலில் இருந்திருக்கிறார்கள்.

“இவர் சைக்கிளுக்குக் காத்தடிச்சுக்கொண்டு வாறனெண்டு போனவர். போய்ப் பத்து நிமிசத்திலை செல் விழுந்து வெடிக்கத் தொடங்கிட்டுது. சனம் ஒரு பக்கமா ஓடிச்சு. நானும் ஓடினனான். காத்தடிக்கிற கடை மற்றப் பக்கம்.”

உடுப்புகளை மடித்துக்கொண்டே சொன்னார். பிறகு கொழும்பு, பிறகு இங்கே இருந்த தமையனின் முயற்சியில் ஜேர்மனி. செஞ்சிலுவை, தேவாலயம், ஊர்க்காரர் என்று எல்லா இடமும் விசாரித்தாகிவிட்டது. இறந்தார் என்று சொல்லவும் ஒருவர் இல்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஒருவர் இல்லை. சாத்திரம் கேட்டவர்கள் பலர் பலதும் சொன்னார்களாம். அக்கா ஒருநாளும் கேட்கப் போகவில்லை.

2003 வசந்தத்தில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவருக்கு ரெர்மின், வரச் சொல்லிக் குறித்த நேரம். விசா நீடிப்பு. துணைக்கு என்னைக் கூப்பிட்டார். படிவத்தில் குடும்ப நிலை என்ற இடத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன: மணமாகாதவர், மணமானவர், மணமுறிவு பெற்றவர், துணையை இழந்தவர். அக்கா நான்கையும் விட்டுவிட்டிருந்தார். அலுவலர் ஒரு வயதான பெண், பொறுமைசாலி. ஏதாவது ஒன்றில் புள்ளடி போடச் சொன்னார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, “மேன்மைமிகு அம்மணி, இவ்வினாவுக்கு விடை கூறும் நிலையை நான் இன்னும் எய்தவில்லை” என்ற கருத்தில் ஏரிவீட்டு ஜேர்மனில் சொன்னார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

பிறகு விசயத்தை நான் விளக்கினேன். நீண்ட காலம் காணாமல் போனவரைச் சட்டப்படி இறந்தவராக அறிவிக்க வழி இருக்கிறது, காலம் வந்ததும் ஒரு அன்ராக், அதாவது விண்ணப்பம், போட்டால் போதும், பல காரியங்கள் சுலபமாகும் என்று அலுவலர் சொன்னார். அவர் உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

“தெரியாத ஒண்டுக்கு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?” என்று அக்கா என்னிடம் தமிழில் கேட்டார். “மணமானவர்” கட்டத்தில் புள்ளடி போட்டு, பக்கத்தில் ஒரு சிறிய கேள்விக்குறியும் போட்டுக் கொடுத்தார். அலுவலர் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கோப்பில் வைத்துக்கொண்டார்.

அடுத்த கோடையில் எங்கள் கட்டடத்துப் பெண் ஒருத்திக்கு மண்டபத்தில் கல்யாணம். ஆலாத்தி எடுக்க இரண்டு சுமங்கலிப் பெண்கள் வேண்டும். பெண்ணின் தாய் அக்காவிடம் தட்டைக் கொடுத்தார். ஐந்தடி போனவர் திரும்பி வந்து, முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அக்கா, குறை நினைக்காதையுங்கோ. நீங்கள்… எடுக்கலாமோ?”

“எனக்குத் தெரியாதணை. எடுக்கலாமெண்டும் சொல்லேலாது, எடுக்கக்கூடாதெண்டும் சொல்லேலாது. உங்களுக்குத் தெரிஞ்ச ஆரையும் கூப்பிடுங்கோ.”

கோபமோ கண்ணீரோ இல்லை. தட்டை விட்டார். கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் பொட்டு இல்லை. எப்போதுமே அப்படித்தான். பெண்கள் பின்னால் பல மாதிரிக் கதைத்தார்கள். ஒருத்தி, “ஒண்டில் அழுது முடிக்கவேணும், ஒண்டில் பூவும் பொட்டுமாய் இருக்கவேணும், இதென்ன நடுவிலை நிக்கிறது?” என்று என் காது கேட்கச் சொன்னார். நானும் மனதில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

2005 மார்ச்சில் ஏரிவீடு நின்றுவிட்டது. முன்னறிவித்தல் இல்லை. கியோஸ்க்காரர், “சீமாட்டியே, அவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள்” என்றபோது குனியவில்லை. கடைசி இதழில் ஒரு சோடி கைகோத்துக்கொண்டு படகேறியது. பின்னட்டையில் மலை ஆஸ்பத்திரி ஒன்றைப் பற்றிய புதிய வரிசைக்கு விளம்பரம். அறை திறக்கப்படவில்லை. கடிதம் எழுதியவர் தெரியவில்லை. தோட்டக்காரன் வரவில்லை.

பதிப்பகம் ஹனோவரில் இருந்தது. அக்கா ஜேர்மனில் இரண்டு பக்கக் கடிதம் எழுதி, எழுத்துப் பிழை பார்க்க என்னிடம் தந்தார். தோட்டக்காரனைப் பற்றி மட்டும் கேட்டிருந்தார்.

“முப்பது கேள்வி வைச்சிருக்கிறியளே அக்கா?”

“ஒண்டைக் கேட்டால் பதில் வரும். முப்பதைக் கேட்டால் விசரியெண்டு விட்டிடுவினம்.”

பதில் வரவில்லை. ஏப்ரல் முழுக்க, மே முழுக்க அவர் வேலைக்குப் போகுமுன் தபாற்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போவார். ஓகஸ்டில், ஏரிவீட்டை முதலாம் இதழிலிருந்து திரும்ப வாசிக்கத் தொடங்கியிருந்தார். எங்கேயாவது ஒரு வரியைத் தவறவிட்டிருப்பேன் என்றார். மெலிந்து போனார். மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். இந்த மனுசி ஒரு கதைக்காகச் சாகப் போகிறார் என்று நான் பயந்தேன்.

அதனால் நானே பதில் எழுதினேன். 2005 ஒக்ரோபர். பதிப்பகத்தின் பழைய ஆசிரியை ஒருவர் எழுதுவதுபோல, கணினியில், ஒரு பக்கம். ஒரு வேலையாக ஹனோவர் போனபோது அங்கேயே தபாலில் போட்டேன். முத்திரையில் ஊர்ப் பெயர் சரியாக விழ வேண்டும் என்பதையும் யோசித்திருந்தேன். ஒருவனும் பிறந்து வளராத, தாளில் மட்டும் இருக்கிற ஒரு தோட்டக்காரனைப் பற்றிச் சொல்வதில் பொய் எங்கே இருக்கிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தக் கடிதத்தில் தோட்டக்காரன் அக்கரைக்குப் போகிறான். கடைத்தெருவில் மயங்கி விழுகிறான். ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்து, ஏரிவீட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டே, நோவில்லாமல் இறக்கிறான். விடுதியாருக்குச் செய்தி வருகிறது, அடக்கம் நடக்கிறது. இதையெல்லாம் எழுதத் திட்டமிட்டிருந்தோம், பக்கம் போதவில்லை என்று ஆசிரியை வருத்தம் தெரிவிக்கிறார். எழுத எழுத எனக்குப் பிடித்துப்போயிற்று. நம்பும்படி இருக்க வேண்டும் என்பதற்காக நாட்களைக்கூட எண்ணி எழுதினேன்.

ஒரு வாரம் கழித்து அக்கா தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார். மேசையில் கடிதம் இருந்தது.

“வடிவான கடிதம்” என்றார். “முதல் வாசிக்கேக்கை அழுதுபோட்டன். கொப்பியிலை வலப்பக்கத்திலை எழுதியும் போட்டன்.”

“நல்லது அக்கா. ஒரு முடிவு தெரிஞ்சிட்டுதெல்லே.”

“ஓம். பிறகு இன்னொருக்கா வாசிச்சன்.” கடிதத்தை என் பக்கம் திருப்பி, விரலால் ஒரு வரியைக் காட்டினார். “இதுதான் விளங்கேல்லை. சமையற்காரி முப்பத்தோராம் நாள் சமைச்சு மீன்பிடிகாரருக்குச் சாப்பாடு குடுத்தவவாம். ஜேர்மன்காரர் எப்ப தொடக்கம் தம்பி முப்பத்தொண்டு செய்யினம்?”

எங்கள் வீடுகளில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளில்தான் கிரியைகள் முடியும். அன்று ஆட்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுப்போம். மரணம் என்று எழுதியதும் என் கை தானாக அந்த நாள் வரை எண்ணிக்கொண்டு போயிருக்கிறது. நான் நாலைந்து தரம் திருத்தி வாசித்த கடிதம். கண்ணில் படவேயில்லை.

அக்கா ஏசவில்லை. கொப்பியை எடுத்து வந்து திறந்து காட்டினார். முதலாவது வலப்பக்கம் ஓரமாக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

“உங்களுக்காகத்தான் அக்கா.”

“தெரியும்.”

“ஒரு கதைதானே எண்டு…”

“நீங்கள் சாகடிச்சது தோட்டக்காரனையோ தம்பி?” என்று கேட்டார். நான் தலை குனிந்திருந்ததால் முகத்தைப் பார்க்கவில்லை. “தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.”

அதற்குப் பிறகும் அவர் என்னுடன் கதைத்தார். பொங்கலுக்குப் புக்கை கொண்டுவந்து தந்தார். நிலவறையில் முறை மாற்றிக் கேட்டால் மாற்றித் தந்தார். ஆனால் நான் எதைச் சொன்னாலும் ஒரு கணம் நிற்பார். ஒரு காலை படியில், ரயில் இருபது நிமிடம் பிந்தி வருகிறதாம் என்றேன்.

“ஆர் சொன்னது?”

“வானொலியிலை சொன்னது அக்கா.”

தலையாட்டிவிட்டு, வழக்கமான நேரத்துக்கே போனார். நிலையத்தின் அறிவிப்புப் பலகையைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுக் குளிரில் நின்றிருக்கிறார். இப்படிப் பல. ஊரில் மழையாம் என்றால், எந்தப் பத்திரிகையில் என்பார். சண்டை பிடித்திருந்தால் சமாதானமாகியிருக்கலாம்.

2008 பெப்ரவரி, ஒரு ஞாயிறு, மத்தியானம். கதவைத் தட்டி, மேலே வரச் சொன்னார். சமையலறை மேசையில் ஒரு வான்தபால் உறை. இந்திய முத்திரை, திருச்சி. உள்ளே கோடு போட்ட தாளில், நீல மையில், இரண்டு பக்கம் தமிழ்.

“வாசியுங்கோ.”

வாசித்தேன். எழுதியவர் திருச்சிக்குப் பக்கத்தில் அகதி முகாம் ஒன்றில் இருக்கும் ஒருவர். 1996 இல் அக்காவின் கணவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர். கணவர் அன்று செல்லில் சாகவில்லை. மனைவியைத் தேடி முகாம் முகாமாக சைக்கிளில் திரிந்திருக்கிறார். ஏழாம் வாரம் மலேரியாக் காய்ச்சல். மருந்து கிடைக்கவில்லை. இறந்த திகதி இருந்தது, கிழமை இருந்தது, நேரமும் இருந்தது. மனைவி ஜேர்மனியில் என்று இப்போதுதான் ஒரு ஊரவர் மூலம் விலாசம் கிடைத்தது, பிந்தியதற்கு மன்னிக்கவும் என்று முடிந்திருந்தது.

தாளை மேசையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதையும் நீங்களோ எழுதினது?”

“அக்கா!”

“திருச்சியிலை உங்களுக்கு ஆக்கள் இருக்கினம். திகதி, கிழமை, மணித்தியாலம் எல்லாம் போட்டிருக்கு. பன்ரண்டு வரியத்துக்குப் பிறகு ஆர் தம்பி மணித்தியாலம் ஞாபகம் வைச்சிருக்கிறது, உங்களைத் தவிர?”

“கூட இருந்து பாத்தவருக்கு ஞாபகம் இருக்கும் அக்கா.”

“இருக்கலாம்” என்றார். ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் என் முன்னால் வைத்தார். “நான் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ.”

கடிதத்தைக் கையில் எடுத்து அவரே வாசித்தார். குரல் தடுமாறவில்லை. ‘உங்கள் கணவர் வியாழக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்குக் காலமானார்.’ எழுதினேன். ‘நாங்கள் நாலு பேர் பள்ளிக்கூடத்துப் பின்வளவில் அடக்கம் செய்தோம்.’ எழுதினேன். ‘கடைசி வரை உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.’ அதை எழுதும்போது எழுத்து சரிந்தது. அவர் எட்டிப் பார்த்தார்.

“இது உங்கட எழுத்தில்லை. மாத்தி எழுதுறியள். இன்னொருக்கா எழுதுங்கோ, வழமையா எழுதிறமாதிரி.”

இரண்டாந்தரமும் எழுதினேன். நாட்குறிப்பு எழுதுகிற வேகத்தில், நாட்குறிப்பு எழுதுகிற எழுத்தில். அவர் இரண்டு தாள்களையும் யன்னல் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றார். ‘ள’ கரத்தைப் பார்த்தார். சுழிகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். வெளியே சரக்கு ரயில் ஒன்று போய் முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுத்து வேறைதான்.”

“நான் சொன்னன்தானே அக்கா.”

“ஆரையும் கொண்டு எழுதுவிச்சிருக்கலாம்.”

“சத்தியமா இல்லை. பிள்ளையள் மேலை—”

“பிள்ளையளை இழுக்காதையுங்கோ. நீங்கள் பொய் சொல்லுறியளெண்டு நான் சொல்லேல்லை. எனக்குத் தெரியேல்லை எண்டுதான் சொல்லுறன்.”

“அந்த ஆளுக்குப் பதில் எழுதிக் கேப்பம். விலாசம் இருக்குது.”

“எழுதிப் போட்டன். ரண்டு கிழமையாகுது. வந்தால், அதையும் ஆர் எழுதினதெண்டு பாக்கவேணும்.”

பதில் வந்ததா என்பது எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை, நான் கேட்கும் உரிமையை இழந்திருந்தேன். அடுத்த வருடம் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

அன்று அவருக்குப் பிற்பகல் வேலை. கடிதத்தை உறைக்குள் வைத்து, நான் எழுதிய இரண்டு தாள்களையும் என்னிடம் தந்தார். சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் கட்டி முடித்த பிறகும் நிமிரவில்லை. நான் கதவைத் திறந்துகொண்டு நின்றேன்.

“அந்தத் தோட்டக்காரன்ரை கடிதத்தை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால்” என்றார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “நான் இண்டைக்கு அழுதிருப்பன், தம்பி.”